விளைவுகளை மட்டும் சொல்லும் வேலை

“நீங்கள் சொன்னபடி வாய் திறக்காமல் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இந்த நாட்டில் இருக்கிறார்கள்?” என்று, குடிவரவு ஆவணமில்லாமல் அமெரிக்காவில் வாழ்ந்த அந்தப் பெண், குடிவரவு வழக்கறிஞரான என்னிடம் கேட்டார். அப்படியொரு கணக்கு எங்கள் அலுவலகத்தில் இல்லை என்று பதில் சொன்னேன். அது பொய்யில்லை. முடிந்த வழக்குகளின் கோப்புகளை ஆண்டுவாரியாகப் பெட்டிகளில் அடுக்கிவைப்போமே தவிர, போனவர் யார், தங்கியவர் யார் என்று பிரித்து எழுதிவைத்ததில்லை. ஆனாலும் அந்தப் பதிலை நான் எவ்வளவு வேகமாகச் சொன்னேன் என்பது இன்றுவரை உறுத்துகிறது. (அவருடைய ஒப்புதலுடன்தான் எழுதுகிறேன், சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அது 2011ஆம் ஆண்டின் வசந்தகாலம். சிறுவயதில் வந்த ஆவணமில்லாத இளைஞர்களுக்குச் சட்டபூர்வமாகத் தங்க வழிசெய்யும் டிரீம் சட்ட முன்வரைவு, முந்தைய டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 216-க்கு 198 என்று நிறைவேறி, பத்தே நாளில் செனட்டில் 55 வாக்குகளோடு நின்றுபோயிருந்தது; விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகவே 60 தேவை. 2001 முதல் மனு, கடிதம், பட்டமளிப்பு அங்கியில் ஊர்வலம் என்று எல்லாவற்றையும் செய்து பார்த்த ஒரு தலைமுறை, இனிச் சாலையில் உட்காருவதுதான் வழி என்ற முடிவுக்கு வந்திருந்தது. சிகாகோவில் அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் மாதமே இளைஞர்கள் பொதுச் சதுக்கத்தில் நின்று, தங்களிடம் ஆவணமில்லை, தங்களுக்கு அச்சமும் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். இவர் அடுத்த படிக்குப் போக விரும்பினார்: சாலை மறியல் செய்து, கைதாகி, காவல் நிலையத்தில் தன் பெயரையும் பிறந்த நாட்டையும் மறைக்காமல் சொல்வது.

மறியல் செய்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்து, மாலையில் விட்டுவிடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே காவலர் எடுக்கும் கைரேகை அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது எஃப்.பி.ஐ.க்குப் போகும், 2008இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ் அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகும், அவர்கள் விரும்பினால் ஆளை விடுவிக்காமல் 48 மணி நேரம் வைத்திருக்கும்படி சிறைக்கு எழுதுவார்கள். 2010 மே மாதம் அரிசோனாவின் டுசானில் செனட்டர் மெக்கெயினின் அலுவலகத்தில் உட்கார்ந்து கைதான மாணவர்களில் ஆவணமில்லாதவர்கள் நாடுகடத்தல் வழக்கைச் சந்திக்க வேண்டியிருந்தது. இவை அனைத்தையும் விளக்கிவிட்டு, வழக்கறிஞர் நடத்தை விதிகளின்படி சட்டத்தை மீறச் சொல்லி நான் ஆலோசனை தர முடியாது, விளைவுகளை மட்டுமே சொல்ல முடியும் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு, கேட்காமலேயே, “அமைதியாக இருப்பதுதான் உங்களுக்கு நல்லது” என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன். அந்த வாக்கியத்துக்குத்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பல நாள் கழித்து நான் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம் இது: அந்தக் கேள்விக்குச் சரியான விடை எவரிடமும் இருக்க முடியாது. அமைதியாக இருந்து, ஒரு சிக்கலும் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருப்பவர் எங்கள் அலுவலகத்துக்கு வரவே மாட்டார், மாட்டிக்கொண்டவர்தான் வருவார். எனவே எங்கள் பெட்டிகளை முழுவதும் புரட்டி எண்ணினாலும் மௌனம் காப்பாற்றியதா கெடுத்ததா என்று தெரிந்திருக்காது. இது நல்ல வாதம். அன்று இதைச் சொல்லியிருந்தால் அவர் ஏற்றுக்கொண்டிருக்கவும்கூடும். ஆனால் அன்று எனக்கு இது தோன்றவில்லை; தோன்றியதெல்லாம் ஒரு மனிதரின் முகம்தான்.

அவர் கூரை வேய்பவர். ஒரு முறை எல்லையில் பிடிபட்டு, நாடுகடத்தும் ஆணையோடு திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடியும் வந்தவர். அவருக்கும் இதே அறிவுரையைத்தான் சொல்லியிருந்தேன். அவரும் அதை அப்படியே கடைப்பிடித்தார். வண்டியின் பின்விளக்கு எரியவில்லை என்று காவலர் நிறுத்தினார். அன்றைய இல்லினாயில் அவரைப் போன்றவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடையாது. பழைய ஆணைக்கு மீண்டும் உயிர்கொடுப்பதற்கு நீதிபதி தேவையில்லை. சில நாட்களில் அவர் போய்விட்டார். அவருக்காக எவரும் அதிகாரிகளைத் தொலைபேசியில் அழைக்கவில்லை, கையெழுத்து திரட்டவில்லை, ஏனென்றால் எவருக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். கட்சிக்காரரின் அனுமதியில்லாமல் நான் வெளியே பேசக்கூடாது.

அந்தப் பெண் மறியலில் உட்கார்ந்தார், கைதானார், அன்றிரவே வெளியே வந்தார். குடிவரவுத் துறையிலிருந்து எவரும் வரவில்லை. எனக்கு நிம்மதி, கூடவே சற்று வெட்கமும். வாசலில் இரண்டு தொலைக்காட்சிக் குழுக்கள் நின்றிருந்ததுதான் காரணம் என்று அவருடைய தோழர்கள் உறுதியாக நம்பினார்கள். அவர்கள் நம்பியதில் பாதியாவது உண்மை என்று இன்று நானும் நினைக்கிறேன். பெயர் வெளியே தெரிந்தவரை ஓசைப்படாமல் பேருந்தில் ஏற்றிவிட முடியாது. 2012 ஜூன் 15 அன்று சிறுவயதில் வந்தவர்களை நாடுகடத்துவதைத் தள்ளிவைத்து, வேலை அனுமதியும் தரும் டாகா திட்டத்தை அதிபர் ஒபாமா அறிவித்தபோது, 16 வயதுக்குள் வந்தவர், அன்று 31 வயது நிறையாதவர் என்ற வரம்புகளுக்குள் அவர் இருந்தார். மறியல் வழக்கின் தீர்ப்பு நகலை விண்ணப்பத்தோடு இணைத்தோம். அது தடையாக இருக்கவில்லை. அதே கோடையில் எங்கள் அலுவலகம் நூற்றுக்கணக்கானவர்களிடம், அரசுக்கு உங்கள் முகவரியை எழுதிக் கொடுங்கள், 465 டாலர் கட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதுவரை நாங்கள் சொல்லிவந்ததற்கு நேர்மாறு.

அப்படியானால் அவர் சரி, நான் தவறு என்று முடித்துவிடலாமா? நான் முடிக்க மாட்டேன். கேமரா முன்னால் நிறுத்தப்பட்டவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்த, உச்சரிப்பு பிசகாத இளைஞர்கள். கூரை வேய்பவரை, இரண்டாம் முறை எல்லை தாண்டியவரை, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய பழைய வழக்கு உள்ளவரை எந்த அமைப்பும் முன்வரிசையில் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அந்தக் கவசம் வேலை செய்திருக்குமா என்பது வேறு கேள்வி. பிற்காலத்தில் அந்த இளைஞர்களே இதைச் சுட்டிக்காட்டி, தங்களைக் குற்றமற்ற பிள்ளைகள் என்று காட்டிக்கொண்டபோதெல்லாம் பெற்றோரைக் குற்றவாளிகளாக்கியிருக்கிறோம் என்று வாதாடினார்கள். வாதம் சரிதான், ஆனால் 2010இல் செனட்டில் அந்த 55 வாக்குகளாவது விழுந்தது இந்தச் சித்திரிப்பினால்தான் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

நம்மவர் கூட்டங்களில் இந்த வேலையைப் பற்றிப் பேசினால், “நாங்கள் கிரீன் கார்டுக்கு இத்தனை ஆண்டுகளாக வரிசையில் நிற்கிறோம், இவர்கள் மட்டும் முந்துவதா?” என்று தவறாமல் எவராவது கேட்பார்கள். கோபம் நியாயமானது. இந்தியர்களின் வரிசை ஒரு கொடுமை. ஆனால் அந்தப் பெண்ணின் தாய் நிற்பதற்கு வரிசையே இல்லை: சிறப்புத் திறன் தேவைப்படாத வேலைகளுக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் கிரீன் கார்டு கிடையாது.

அந்தத் தாயைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதி முடிக்க முடியாது. மகளுக்கு டாகா; இங்கேயே பிறந்த மகனுக்குக் குடியுரிமை; தாய்க்கு ஒன்றுமில்லை. குடிமக்களின் பெற்றோருக்காக 2014இல் அறிவிக்கப்பட்ட திட்டம் டெக்சாஸ் நீதிமன்றத்தில் முடக்கப்பட்டு, 2016இல் உச்ச நீதிமன்றத்தில் 4-4 என்று பிளந்து, செத்துப்போனது. பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடங்களில் குடிவரவு அதிகாரிகள் கைதுசெய்வதைக் கட்டுப்படுத்திய நெறிமுறையும் 2025இல் நீக்கப்பட்ட பிறகு, தாய் ஒரு பொதுக்கூட்டத்தில் தன் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும் என்றார். மகள் இப்போது ஓர் அமைப்பில் பணிபுரிகிறார். யார் மேடையேறலாம், யார் ஏறக்கூடாது என்று பிரித்துக் கொடுப்பது அவருடைய வேலையில் ஒரு பகுதி. தாயைத் தடுப்பதற்காக அவரை என்னிடம் அழைத்துவந்தார்.

நான் சட்டத்தைச் சொன்னேன். மகன் 21 வயதில் மனுச் செய்தாலும், அனுமதியில்லாமல் எல்லை தாண்டியவர் வெளியே போய்த்தான் விசா பெற வேண்டும், வெளியே போனால் பத்தாண்டுத் தடை, அந்தத் தடையிலிருந்து விலக்குக் கேட்க மகன் படும் துன்பம் கணக்கில் வராது. பத்தாண்டுகளுக்கு மேல் இங்கே இருந்தவருக்கு, 21 வயதாகாத குடியுரிமைப் பிள்ளையின் கடுந்துன்பத்தைக் காட்டிக் கேட்கும் ஒரு நிவாரணம் உண்டு. அதற்கும் ஆண்டுக்கு 4,000 என்று உச்சவரம்பு. அதைக் கேட்கும் இடம் நாடுகடத்தல் நீதிமன்றம் மட்டுமே.

“அப்படியானால் பிடிபட்டால்தான் நீதிபதியிடம் கேட்க முடியுமா?” என்றார் தாய். ஆம் என்றேன்; விசாரணை முடியும்வரை தடுப்பு மையத்தில் இருக்க நேரலாம் என்பதையும், தோற்றுப்போவோர் மிகப் பலர் என்பதையும் சொன்னேன். இந்த முறை வேறெந்த வாக்கியத்தையும் சேர்க்கவில்லை. வெளியே வந்ததும் மகள் என்னிடம் கோபித்துக்கொண்டார்: அமைதியாக இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, உங்கள் பேச்சைத்தான் அம்மா கேட்பார் என்றார். விதி அப்படி என்று நான் தொடங்க, அவர் குறுக்கிட்டு, அந்த விதி 2011இலும் இருந்ததே என்றார். கூட்டத்துக்கு இன்னும் நாளிருக்கிறது. தாய் எந்த முடிவையும் இதுவரை எங்களிடம் சொல்லவில்லை.