தைப்பிங் ஏரிப் பூங்கா: மூடாமல் விட்ட லம்பக் குழிகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தைப்பிங் ஏரிப் பூங்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மரங்களில் தொடங்கி மரங்களிலேயே முடித்துவிடுகிறார்கள். அங்குள்ள நீர் எப்படி வந்தது என்பதுதான் எனக்கு அதைவிடச் சுவையான செய்தி. தைப்பிங் அமைந்துள்ள லாருட் வட்டாரத்தில் ஈயம் (வெள்ளீயம்) கண்டறியப்பட்ட பின்னர், சீனத் தொழிலாளர்கள் மண்வெட்டியும் கூடையுமாக இறங்கித் தோண்டிய திறந்தவெளி லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், ஈயம் தீர்ந்ததும் கைவிடப்பட்டு, மழைநீர் நிரம்பிக் குட்டைகளாயின. அக்குட்டைகளே இன்றைய ஏரிகள். இதே லம்பங்களுக்காகத்தான் கீ ஹின், ஹாய் சான் என்ற இரு குழுவினரும் 1874 பங்கோர் உடன்படிக்கை வரையில் வெட்டி மடிந்தனர்.

அந்தச் சண்டை ஓய்ந்து சில ஆண்டுகளிலேயே, 1880இல், இந்த நிலம் பொதுமக்களுக்கான பூங்காவாக்கப்பட்டது. யோசனை கர்னல் ராபர்ட் வாக்கருடையது என்பார்கள். நிலத்தைக் கொடையளித்தவர் ஈய முதலாளி சுங் தை பின் என்றும் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அவர் பிறந்ததே 1879இல் என்பதால், ஒரு வயதுக் குழந்தை நிலம் எழுதிக் கொடுத்த கதையை நான் நம்புவதில்லை.

லம்பம் விட்டுச்சென்ற மண்ணில் எதையும் வளர்ப்பது எளிதன்று. தாதுவைப் பிரிப்பதற்காக மண்ணை நீரோட்டத்தில் அலசும்போது கனமான ஈயத்தாது கீழே தங்க, மற்றவை அடித்துச் செல்லப்படும். மேல்மண் தொலைந்துபோக, சத்தற்ற மணலும் சேறுமே மிஞ்சும். அப்படிப்பட்ட நிலத்தில் பூங்கா அமைத்தவர்கள் குழிகளை மூடிச் சமதளமாக்கியிருந்தால், எந்த ஊரிலும் காணக்கூடிய ஒரு புல்வெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும். அவர்கள் பள்ளங்களை நீராகவே விட்டுவைத்து, இடையில் எஞ்சிய மேடுகளில் பாதையும் மரமும் அமைத்தார்கள். சுமார் 64 ஹெக்டேரில் ஏரிகளும் குளங்களுமாகப் பத்து நீர்நிலைகள் இருப்பதும், நடக்க நடக்கக் கரை வளைந்துகொண்டே போவதும், தோண்டியவர்கள் ஈயம் இருந்த பக்கமாகப் போனதன் விளைவேயன்றி எந்த வரைபடக்காரரின் கற்பனையும் அன்று.

மரங்களையும் சொல்லாமல் விட முடியாது. 1884இல் ஏரிக்கரைச் சாலையோரம் நடப்பட்ட தூங்குமூஞ்சி மரங்கள், வெளிச்சத்தைத் தேடிச் சாலைக்கு மேலாகவே சாய்ந்து வளர்ந்து, கிளை நுனிகள் மறுபுறத்து நீரைத் தொடுமளவுக்கு நீண்டுவிட்டன. கிளைகளின் மேற்புறம் முழுவதும் பாசியும் பெரணியும் அடர்ந்திருப்பதால், பட்டையைக் காண்பதே அரிது. தீபகற்ப மலேசியாவில் மிகுதியாக மழை பெய்யும் ஊர்களுள் தைப்பிங்கும் ஒன்று. அந்த ஈரத்தில்தான் இது சாத்தியம். மரங்களைக் காக்க அந்தச் சாலையில் வாகனங்களைத் தடுத்தது மிகச் சரியான முடிவு என்பேன்.

தெற்கே கிந்தா பள்ளத்தாக்கில் இதைவிடப் பன்மடங்கு லம்பக் குட்டைகள் உண்டு. 1985இல் ஈய விலை சரிந்தபோது அங்கே லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. சில குட்டைகள் மீன் வளர்ப்புக்கும், சில தூர்க்கப்பட்டு வீடமைப்புக்கும் போயின. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் மட்டும் பழைய குட்டைகளை ஏரிகளாகவே வைத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றிக் கட்டடங்களை எழுப்பியிருக்கிறது.