பாசிக்குக் காரணம் ஆர்.ஓ. மெஷினுக்குள் இருந்த ஒரு ஸ்க்ரூ

கடல் மீன் தொட்டி வைத்துப் பாசியோடு மல்லுக்கட்டுகிறவர்கள், குறிப்பாக நம்ம நெல்லைப் பக்கம் போர் தண்ணீரை நம்பி இருக்கிறவர்கள், மருந்து மாயம் என்று அலைவதற்கு முன்னால் வீட்டு ஆர்.ஓ. மெஷினைத் திறந்து பாருங்கள். என்னுடைய அலைச்சல் அங்கேதான் முடிந்தது.

சைக்கிளிங்கில், அதாவது மீன் விடுவதற்கு முன் தொட்டியில் நல்ல பாக்டீரியாவை வளர்த்தெடுப்பதில், தொல்லையே இல்லை. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம், உப்புத் தண்ணீரின் அடர்த்தி எண் 1.025, க்ளவுன் மீன் ஜோடி விட்டாச்சு. அப்புறம் மணல் முழுக்கக் காப்பித்தூள் தூவின மாதிரி பழுப்பு. டயாட்டம் என்கிற பழுப்புப் பாசிதான், புதுத் தொட்டியில் வரும், தண்ணீரில் உள்ள சிலிக்கேட் தீர்ந்ததும் தானாகப் போய்விடும். எனக்குப் போகவில்லை. துடைத்தால் மறுநாளே திரும்ப வந்தது, போதாததற்குப் பாறையில் பச்சை முடிப்பாசியும் சேர்ந்துகொண்டது.

தொட்டி வாங்கின கடையில் போய்க் கேட்டால், "புதுத் தொட்டின்னா பாசி வரத்தான் செய்யும் அண்ணாச்சி, இத ஊத்துங்க, ரெண்டு நாள்ல போயிரும்" என்று ஒரு பாட்டிலைக் கையில் வைத்தார்கள். திருப்பிப் பார்த்தால் காப்பர் சல்பேட். செம்பு பட்டால் நத்தை, இறால், பவளம் எதுவும் பிழைக்காது, பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவும் விடும். அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடலில் எடுத்த லைவ் ராக் (உயிரிகள் ஒட்டியிருக்கும் பவளப்பாறைத் துண்டு) இருக்கிறது, வேண்டுமா என்றும் மெதுவாகக் கேட்டார்கள். தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள். 2001-லேயே கடினப் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன. மன்னார் வளைகுடா நம் கடல், அதைப் பெயர்த்து வந்து நம் வீட்டுத் தொட்டியில் வைப்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

பாஸ்பேட் டெஸ்ட் ஒவ்வொரு தடவையும் பூஜ்ஜியம் காட்டியது. இதை நம்ப வேண்டாம். வருகிற பாஸ்பேட்டைப் பாசி உடனுக்குடன் தின்றுவிடுவதால் கிட்டில் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது.

சித்திரை வெயிலுக்குச் சில்லர் வாங்க வசதியில்லாமல் தொட்டி மேல் ஃபேன் வைத்திருந்தேன், தண்ணீர் மளமளவென்று ஆவியாகும், தினமும் லிட்டர் கணக்கில் நிரப்ப வேண்டும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். நிரப்புகிற தண்ணீரில் சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் இருந்தால் அவை தொட்டிக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். "குடிக்கிற ஆர்.ஓ. தண்ணி போதும்" என்று கடையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 95!

சர்வீஸ் மெக்கானிக்கை வரவழைக்கவே பாடாய்ப் போயிற்று. நாளைக்கு நாளைக்கு என்று இழுத்து ஒருவழியாக வந்தவர் மூடியைக் கழற்றிக் காட்டினார். ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிட ஒரு ஸ்க்ரூ, அதற்கப்புறம் ஒரு மினரல் கார்ட்ரிட்ஜ். அதை மூடச் சொன்னால், "சீரோ தண்ணியக் குடிச்சா எலும்பு தேஞ்சிரும் சார், நான் தொட மாட்டேன்" என்று கிளம்பிவிட்டார். சரி, வீட்டில் குடிக்கிற தண்ணீரில் கைவைக்க வேண்டாம் என்று, ஆர்.ஓ.வின் வடிகட்டிச் சவ்வான மெம்பரேனில் இருந்து வரும் குழாயிலேயே ஒரு 'T' இணைப்பு போட்டுத் தனி லைன் இழுத்தேன். அங்கே 28. அதன் முனையில், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வைத்ததும் 0. அந்தச் சைபரைப் பார்த்ததும் வீட்டிலுள்ள எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதன்பின் வேலை மட்டும்தான். தண்ணீர் மாற்றும்போது வெளியே எடுக்கிற உப்புத் தண்ணீரிலேயே பாறையை டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன், குழாய்த் தண்ணீரில் தேய்த்தால் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். லைட்டை ஏழு மணி நேரமாகக் குறைத்தேன். பாசி தின்னும் டர்போ நத்தைகள் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தன, மத்தியானம்வரை வெயிலில் கிடந்து மொத்தமும் செத்திருந்தது, விற்றவர் பொறுப்பேற்கவில்லை. அடுத்த முறை தெரிந்தவர் ஒருவர் தெர்மாகோல் பெட்டியில் நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் கொண்டுவந்தார், காலையில் ஜங்ஷனில் போய் வாங்கிக்கொண்டேன், ஒன்றுகூடச் சாகவில்லை.

கடல் பக்கத்தில்தானே, அங்கிருந்தே தண்ணீர் எடுத்து வரலாமே என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். தாமிரபரணி கலக்கிற புன்னைக்காயல் பக்கமெல்லாம் மழைக்காலத்தில் கலங்கலும் உரச்சத்தும் சேர்ந்து வரும், உப்பும் குறையும். வேண்டவே வேண்டாம்.

பாசி போகிறதே என்ற சந்தோஷத்தில் பாஸ்பேட் ரிமூவரை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு இல்லாமல் போனால் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்கிற நுண்ணுயிர்) வரும், அது முடிப்பாசியைவிட மோசம். ரெசினையும் மீட்டர் ஏறுகிறவரை ஓட்டாதீர்கள். ரெசின் தீரும்போது முதலில் கசிவது சிலிக்காதான், டிடிஎஸ் மீட்டரில் அது பெரும்பாலும் தெரியாது. கண்ணாடியில் பழுப்பு லேசாகத் தட்டினாலே நான் மாற்றிவிடுகிறேன்.