ரிப்போர்ட்டில் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள்

எனக்கு பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. மாதவிலக்கு 28 நாளில் வந்ததாகச் சரித்திரமே இல்லை. 38, 40, சில சமயம் 45 கூட ஆகும். நாள் தள்ளிப்போனால் கர்ப்பமா என்று பார்க்கும் கார்டு வாங்கி வீட்டிலேயே சிறுநீரில் பார்த்துக்கொள்வது பழகிப்போன விஷயம். இந்த முறையும் ஒரே கோடு, அதாவது நெகட்டிவ். சில நாள் விட்டுப் பார்த்தாலும் ஒரே கோடுதான்.

அடுத்த கார்டு வாங்கப் போனபோது மருந்துக்கடைக்காரர், "நெகட்டிவ்தானேக்கா? பீரியட்ஸ் வர்றதுக்கு மாத்திரை தர்றேன், போட்டுக்கோங்க" என்று டாக்டர் சீட்டுகூடக் கேட்காமல் அட்டையை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. அது ஹார்மோன் மாத்திரை. கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகு டாக்டர் சொல்லிப் போட வேண்டியது. கடைக்காரர் இவ்வளவு சாதாரணமாக நீட்டுவதைப் பார்த்தால், எத்தனை பேர் வாங்கிப் போடுகிறார்களோ என்று பயமாக இருக்கிறது.

சரி என்று திருச்சி தில்லைநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். கார்டு விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "நாள் தள்ளிப்போச்சுன்னு எந்தக் கணக்குல சொல்றே? உனக்கு முட்டை எப்போ வெடிச்சுதுன்னு யாருக்கும்மா தெரியும்?"

அதுதான் விஷயமே. முட்டை வெடித்து, கரு உண்டாகி, அது கர்ப்பப்பையில் ஒட்டவே 6 முதல் 12 நாள் வரை ஆகுமாம். ஒட்டிய பிறகுதான் எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் உடம்பில் சேர ஆரம்பிக்கும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான கார்டுகள் அது 25 யூனிட் அளவுக்கு வந்தால்தான் இரண்டாவது கோடு காட்டும். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கு, நாள் தள்ளி ஒரு வாரம் கழித்துப் பார்த்த நெகட்டிவை ஓரளவு நம்பலாம். எங்களைப் போன்றவர்களுக்கு முட்டையே தாமதமாக வெடிப்பதால், 'தள்ளிப்போன' அன்று கரு ஒட்டியிருக்கவே நேரம் இருந்திருக்காது. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மத்தியானம் பார்த்தால் இன்னும் மோசம், சிறுநீர் நீர்த்துப்போயிருக்கும். அதனால்தான் காலையில் முதல் சிறுநீரில் பார்க்கச் சொல்கிறார்கள். கார்டில் வரும் கோட்டையும் அதன் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். காய்ந்த பிறகு தெரியும் மங்கல் கோட்டுக்கு மதிப்பில்லை.

டாக்டர் சீட்டில் ரத்தப் பரிசோதனை, பீட்டா எச்சிஜி என்று எழுதிக்கொடுத்தார். ரத்தத்தில் அந்த ஹார்மோன் எவ்வளவு என்று நம்பராகச் சொல்லும் பரிசோதனை அது. இனிமேல்தான் கூத்து. லேப் கவுன்டரில் இருந்த பெண் சிறுநீருக்கான டப்பாவைக் கொடுத்தார். "ரத்தம்னு எழுதியிருக்காங்களே" என்றேன். "எச்சிஜிதானே மேடம், இதுலயே வந்துடும், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். திரும்பவும் கேட்டதற்கு முகம் சுளித்தார். சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. பெரிய எழுத்தில் 'நெகட்டிவ்'. அதற்காக மறுபடி கிளினிக்கில் டோக்கன் போட்டு, இரவு ஒன்பது மணிவரை உட்கார்ந்தேன். டாக்டர் ஒரு நொடி பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். "நம்பர் எங்கம்மா?"

வீட்டில் நான் பார்த்த அதே கார்டு டெஸ்ட்டைத்தான் அவர்கள் செய்து, ரத்தப் பரிசோதனைக்கான பணத்தை வாங்கியிருக்கிறார்கள். பில் போடும்போதே 'சீரம் பீட்டா எச்சிஜி' என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் எடுக்காமல் அனுப்பினால் நகராதீர்கள்.

மறுநாள் காலையில் வேறு லேபில் ரத்தம் கொடுத்தேன். வந்த நம்பர் 31. ஐந்துக்குக் கீழே என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். 5 முதல் 25 வரை இரண்டும்கெட்டான், திரும்பப் பார்க்க வேண்டும். 31 என்றதும் என் கணவர் ஸ்வீட் வாங்கக் கிளம்பிவிட்டார். டாக்டர்தான் தடுத்தார். ஒரு நம்பரை வைத்துப் பேச முடியாது, 48 மணி நேரம் கழித்து எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் முக்கியம் என்றார். அப்போதே இன்னொன்றும் கேட்டார்: "முடி கொட்டுறதுக்கு மாத்திரை சாப்பிடுறியா?" முடி மாத்திரைகளில் இருக்கும் பயோட்டின் என்ற வைட்டமினை அதிக அளவில் எடுத்தால் சில லேப் மெஷின்கள் எச்சிஜியைக் குறைத்துக் காட்டுமாம். பிசிஓடி உள்ளவர்களில் பாதிப்பேராவது முடி மாத்திரை முழுங்குகிறோம், இதை யாரும் சொல்வதில்லை! நான் அப்போது எடுக்கவில்லை. இரண்டாவது நம்பர் 74. ஸ்வீட் வந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கார்டு நெகட்டிவ் என்றாலும், நாள் தள்ளியிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக்கசிவு, மயக்கம், தோள்பட்டையில் வலி என்று வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கியிருந்தால் எச்சிஜி குறைவாகவே ஏறும், கார்டில் தெரியாமலும் போகலாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல், நம்பரும் ஐந்துக்குள் இருந்து, மாதவிலக்கும் வரவில்லை என்றால் தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன்களைப் பார்க்கச் சொல்வார்கள்.

ஸ்கேனில் துடிப்பு தெரிந்தது. கடைசி மாதவிலக்குத் தேதியை வைத்துப் போட்ட கணக்கைவிடக் கரு சின்னதாக இருந்ததால், பிரசவத் தேதியை ஸ்கேனை வைத்தே குறித்தார்கள். கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவான பிக்மி பதிவுக்குப் போனபோது அந்த ஸ்கேன் தாளையும் கொண்டுபோனேன், செவிலியரக்கா அதையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் முதல் தவணைக்கும் காலாகாலத்தில் பதிந்திருக்க வேண்டும். கார்டை நம்பி உட்கார்ந்திருந்தால் அதுவும் இழுபறிதான்.

அந்தப் பழைய லேபுக்கு டாக்டர் சீட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு என் மாமியார் போனார். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார்களாம். அவர் கவுன்டர் முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் "ரத்தம் எடுத்தாங்களாம்மா?" என்று கேட்க ஆரம்பித்ததும் கொடுத்துவிட்டார்கள்.