வீட்டுக்கு வந்த டீச்சர் எனக்குப் பாடம் எடுத்தார்

இங்கிலாந்தில் பிறக்கிற குழந்தைகளுக்கு முதல் சில வாரங்களிலேயே காது கேட்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். எங்கள் மகளுக்கு அதில் சந்தேகம் வந்து, அப்புறம் ஆடியாலஜியில் (காது கேட்கும் திறனைச் சோதிக்கிற பிரிவு) பார்த்தபோது இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு என்று தெரிந்தது. நாங்கள் ஊருக்கே புதுசு, எந்த பஸ் எங்கே போகும் என்றுகூடத் தெரியாத நேரம் அது.

குழந்தையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வெளியே உட்கார்ந்திருக்கலாம் என்ற நினைப்பெல்லாம் இங்கே நடக்காது. காது கேளாத குழந்தைகளுக்கென்றே பயிற்சி பெற்ற டீச்சர் வீட்டுக்கு வருகிறார். வந்தவர் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பார் என்று பார்த்தால், பாடமெல்லாம் எனக்கு! டயபர் மாற்றும்போது முகம் தெரிகிற மாதிரி குனிந்து பேசுங்கள், டிவியை அணைத்துவிடுங்கள், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் வெளிச்சத்தில் உங்கள் உதடு அவளுக்குத் தெரியாது... காது கேட்கும் கருவி கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் காது வளர்ந்து, காதுக்குள் பொருந்துகிற அதன் அச்சு தளர்ந்திருக்கும், புதிதாக அளவெடுக்க வேண்டும் என்பதையும் அவர்தான் காட்டிக்கொடுத்தார்.

அவர் வரும் நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் லேப்டாப்போடு மாடிக்குப் போய்விடுவார். வேலை என்பார், அழுவதற்குத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். பெற்றோர் கூடும் குழுவுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே காது கேளாத ஒரு அப்பா, மடியில் தன் பையனை வைத்துக்கொண்டு சைகையிலேயே அவனைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார், இவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது விரலால் எழுத்து காட்டுவதில் என்னைவிட இவர்தான் வேகம் (பிரிட்டிஷ் சைகை மொழியில் அதற்கு இரண்டு கையும் வேண்டும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னால் எங்கே முடிகிறது).

சைகை காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று மாமியாருக்குக் கவலை. அப்படி ஒன்றும் இல்லை, வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், உங்களுக்குச் சரளமாக வருவதைப் பேசினால்தான் நிறையப் பேசுவீர்கள் என்றார் டீச்சர். அதில்தான் எனக்கு உயிரே வந்தது.

புதிதாக வருகிறவர்கள் முதல் சந்திப்புக்கு முன்பே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், என்ஹெச்எஸ்ஸில் (இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவை) அதற்கு நம்மிடம் காசு வாங்க மாட்டார்கள்.

அடுத்து காக்ளியர் இம்ப்ளாண்ட் பேச்சு (ஆபரேஷன் செய்து காதுக்குள் வைக்கிற, கேட்க உதவும் கருவி). “டாக்டர் என்னம்மா சொன்னார்?” என்று மாமியார் தினமும் போனில் கேட்கிறார். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எங்களைத்தான் கேட்கிறார், அத்தை.