டப்பாப் பணத்தில் மூன்று நாள்: பாம்பன், தனுஷ்கோடி, அரியமான்

ஜனவரி 23, வெள்ளி, இரவு

டப்பாவைக் கவிழ்த்து எண்ணினோம். 3,640 ரூபாய். தீபாவளிக்குப் பிறகு வாராவாரம் போட்டு வந்தது. அப்பாவும் நானும் மட்டும்தான் போகிறோம். அம்மாவுக்குக் கடல் காற்று ஆகாது. புளியோதரை கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள், அதனால் நாளை மதியச் செலவு இல்லை. பாம்பன் பக்கத்தில் இருக்கும் குருசடைத் தீவுக்குப் போகும் படகுக்கு என்று ஒரு தொகையை முதலிலேயே தனிக் கவரில் எடுத்து வைத்துவிட்டேன். இந்தப் பயணமே அந்தத் தீவுக்காகத்தான்.

ஜனவரி 24, சனி

மதுரையிலிருந்து காலை பாசஞ்சர். முன்பதிவு இல்லாத பெட்டி, இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஜன்னலோரம் கிடைக்க வேண்டுமென்றால் வண்டி கிளம்ப முக்கால் மணி நேரம் முன்னால் நிற்க வேண்டும். நாங்கள் நின்றோம்.

பாம்பன் பாலத்தில் வண்டி ஏறியதும் பெட்டி முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் இது. கப்பல் வந்தால் நடுவில் உள்ள 72.5 மீட்டர் துண்டு அப்படியே மேலே எழும்புமாம். 1914இல் திறந்த பழைய பாலத்தில் இரு கைகளைப் போல் விரியும் நடுப்பகுதியை ஆட்கள் நின்று சுற்றித்தான் திறந்தார்கள். அப்பா அந்தப் பாலத்தில் பலமுறை போனவர். ஒன்றும் சொல்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தண்ணீரையே பார்த்தார்.

ராமேஸ்வரத்தில் ஒரு மடத்தில் அறை. இரண்டு கட்டில், ஒரு விசிறி, சுத்தமான குளியலறை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மதியம் தனுஷ்கோடிக்கு டவுன் பஸ். வேன்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பதுதான் நல்லது. கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிய நீரில் பூநாரைகள் நின்றன. தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரிதான் தெரிந்தது. பஸ் திரும்பியபோது அதில் பாதி இறக்கையை விரித்து இளஞ்சிவப்பு ஆனது. 2025 ஜூனில் இந்தப் பகுதியில் ஏறக்குறைய 525 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. அறிவிப்பு இருக்கட்டும், அந்த ஒரு நொடிக்கே பஸ் டிக்கெட் காசு சரியாகிவிட்டது.

சாலை முடியும் கோடியான அரிச்சல்முனையில் கூட்டம். வளைவில் இறங்கிப் பார்த்துவிட்டுச் சர்ச் இடிபாட்டுக்கு வந்துவிட்டோம். 1964 டிசம்பர் புயலில் ஊரே போனபோது மிஞ்சிய சுவர்கள். ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் சுவருக்கு மிக அருகே போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நாற்பது வருடம் கொத்தனார் வேலை செய்த கை.

"இது மலைக்கல்லு இல்ல தாயி. கடல்கல்லு."

பார்த்தால், கல்லுக்குள் பூப்பூவாய், நட்சத்திரம் நட்சத்திரமாய்த் துளைகள். பவளப்பாறையை வெட்டிக் கட்டிய சுவர். அப்பா சின்ன வயதில் கீழக்கரைப் பக்கம் சித்தாளாகப் போனபோது இதே கல் வள்ளத்தில் வந்து இறங்குமாம். காளவாசலில் போட்டுச் சுட்டால் சுண்ணாம்பு. "பால் மாதிரி வெள்ளையா இருக்கும். மொட்டை மாடிக்குப் போட்டா முப்பது வருஷம் ஒழுகாது." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அது உயிருள்ள ஒன்று கட்டிய வீடு என்று அப்போது யாரும் சொல்லவில்லை என்றார்.

மீனவர் குடிசைகள் பக்கம் ஒரு பெண் மணலில் தோண்டிய ஊற்றிலிருந்து குவளையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நல்ல தண்ணீர். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும். அதனால் அவர்கள் ஆழமாகத் தோண்டுவதே இல்லை. அப்பாவுக்கு ஒரு குவளை கொடுத்தார். நானும் குடித்தேன். இனிப்பு.

ஜனவரி 25, ஞாயிறு

தீவுப் படகு கிளம்பும் குந்துகாலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. நீண்ட விடுமுறை. இன்றைக்குப் படகில் இடம் இல்லை. தீவுக்குப் போகிறவர்கள் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது; இருக்கவும் வேண்டும். ஆனாலும் தொண்டை அடைத்தது. மாதக் கணக்காக நினைத்துக்கொண்டு வந்த தீவு, எதிரே பச்சைக் கோடாகத் தெரிகிறது. (வருகிறவர்கள் விடிந்ததும் போய்விடுங்கள். அல்லது விடுமுறை இல்லாத நாளில் வாருங்கள்.)

விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று மேல்நாட்டுப் பயணம் முடிந்து கரையிறங்கிய இடம் இது. நினைவு மண்டபத் திண்ணையில் உட்கார்ந்தோம். நேற்று வடக்குப் பக்கம் பாக் விரிகுடா வாடைக்காற்றில் நுரைத்துக்கொண்டிருந்தது. இந்தத் தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடா குளம் போலக் கிடக்கிறது. வடக்கைப் பெண் கடல், தெற்கை ஆண் கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். உண்மையில் காற்றைப் பொறுத்து இரண்டும் குணம் மாற்றிக்கொள்ளும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கம்தான் சீறும்.

கரையில் ஓர் அம்மா பழைய துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார். கடல்பாசி எடுக்கும்போது விரலில் சுற்றிக்கொள்ள. பாறை கையை அறுத்துவிடுமாம். இன்று போகவில்லையா என்றேன்.

"அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கண்ணு போவோம். மத்த நாளு பாசி வளரணும்ல."

யார் போட்ட சட்டம் என்றேன். "நாங்கதான்" என்றார்.

அவரும் அப்பாவும் வெகுநேரம் பேசினார்கள். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே 21 தீவுகள். 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, முயல் தீவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளத்தை வெட்டி எடுத்ததும் ஒரு காரணம். அலையைத் தடுக்கும் பாறை போனால் மணல் தீவு நிற்காது. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு.

"நான் குழைச்சதுலயும் கொஞ்சம் அந்தத் தீவு இருக்கும்" என்றார் அப்பா.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. தூத்துக்குடிப் பக்கம் வான்தீவு கரையாமலிருக்க, கடலடியில் காங்கிரீட் பாறைகளை இறக்கியிருப்பதைச் சொன்னேன். உடனே முகம் மாறியது. "சும்மா பாளமா போட்டா அலை புரட்டிரும். நடுவுல ஓட்டை விட்டிருக்காங்களா?" விட்டிருக்கிறார்கள் அப்பா, மீன் உள்ளே போய் வர. அடி அகலமா, மேலே குறுகலா என்று கேட்டார். ஆமாம் என்றதும் மணலில் விரலால் வரைந்தே காட்டினார். மதியம்வரை அதுதான் பேச்சு.

கிளம்பும்போது ஒருவர் வெள்ளைப் பவளத் துண்டை ரகசியமாகக் காட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு விலகி நடந்தார்.

ஜனவரி 26, திங்கள்

காலையில் மறுபடி குந்துகால் போகலாமா என்றேன். கூட்டம் குறையட்டும், பிறகு வருவோம் என்றார். அரியமான் கடற்கரைக்குப் போனோம். சவுக்குத் தோப்பு நிழல், மீன் குழம்புச் சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். வாடையால் தண்ணீர் கலங்கியிருந்தது, முழங்காலளவுக்கு மேல் இறங்கவில்லை. ராமநாதபுரம் வந்து மதுரை பஸ்.

ஜனவரி 27, செவ்வாய்

செலவு 2,410 ரூபாய். மீதியில் சில்லறையை எல்லாம் டப்பாவில் போட்டேன். படகுக் கவரை மட்டும் அப்பா தரவில்லை. சட்டைப் பையிலிருந்த கொத்தனார் பென்சிலை எடுத்து, அதன்மேல் பெரிய எழுத்தில் 'குருசடை' என்று எழுதி, காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறார்.