கடையில் கிடைக்காத ஃபுட்ஸ்விட்ச் கேபிளை மாற்றிய அனுபவம்

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் எங்கள் குழுவின் கச்சேரி. இரண்டாவது பாட்டின் இடையிசையில் கிட்டார் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. அதற்குச் சற்று முன்னால் காலடியில் இருக்கும் ஃபுட்ஸ்விட்ச் பெட்டியின் பொத்தானை அழுத்தினால், ஆம்ப்ளிஃபயர் தெளிவான ஒலியிலிருந்து கரகரப்பான ஒலிக்கு மாறவேண்டும். அழுத்தினேன், மாறவில்லை. குனிந்து பார்த்தால் பெட்டியின் விளக்குகள் மூன்றும் அணைந்து கிடந்தன. பாட்டு முழுவதையும் ஒரே ஒலியில் வாசித்து முடித்தேன். கூட்டத்தில் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த இடத்துக்காக மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து பயிற்சி செய்தவன் நான். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

என்னுடையது பழைய ஆம்ப்ளிஃபயர், இரண்டாம் கையாக வாங்கியது. அதன் பெட்டியில் மூன்று பொத்தான்கள்: ஒலித்தடம் மாற்ற ஒன்று, ஒலியைத் தூக்கிக் கொடுக்க ஒன்று, எதிரொலிக்கு ஒன்று. பெட்டியிலிருந்து கிளம்பும் கேபிளின் மறுமுனையில் ஐந்து ஊசிகள் கொண்ட வட்டப் பிளக். கேபிளைக் கழற்ற முடியாது, பெட்டிக்குள்ளேயே பற்றவைத்திருக்கிறார்கள்.

கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் கேபிள் எந்த இசைக்கருவிக் கடையிலும் கிடைக்கும். உலகம் முழுவதும் அதற்கு ஒரே அளவுதான், கால் அங்குல ஜாக், அதாவது 6.35 மில்லிமீட்டர். ஃபுட்ஸ்விட்ச் கேபிளுக்கு அப்படி ஒரு பொது ஏற்பாடு இல்லை. சிலவற்றில் அதே கால் அங்குல ஜாக் இருக்கும். சிலவற்றில் அதிலேயே இரண்டு கம்பிக்குப் பதில் மூன்று கம்பி. பழைய ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்களில், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னால் செருகுவோமே, அந்த ஆர்சிஏ பிளக் இரண்டு. பொத்தான்கள் கூடக் கூட, ஐந்து முதல் எட்டு ஊசிகள் வரை உள்ள வட்டப் பிளக்குகள் வந்துவிடுகின்றன. பிளக் ஒன்றுபோல் இருந்தாலும் எந்த ஊசிக்கு எந்த வேலை என்பதைத் தயாரிப்பாளர் தன் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார். மூன்று மாதம் நான் அலைந்ததற்குக் காரணம் இதுதான்.

முதலில் விற்பனையாளரிடம் கேட்டேன். கேபிள் தனியாகக் கிடையாது, முழுப் பெட்டியாகத்தான் வாங்க வேண்டும், அதுவும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். எப்போது வரும் என்று உறுதி சொல்லவில்லை. நல்ல நிலையில் இருக்கும் பெட்டியைக் கேபிளுக்காகத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது, கேபிள் உள்ளே நுழையும் கழுத்தில் பொதுக் கம்பி, அதாவது எல்லாப் பொத்தான்களுக்கும் விளக்குகளுக்கும் பொதுவான கம்பி, அறுந்திருப்பது தெரிந்தது. காலால் மிதிபட்டு, சுருட்டிச் சுருட்டி வைத்து அந்த இடம் நைந்திருந்தது. கெட்டுப்போன ஒரு சாணை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் திரும்பப் பற்றவைத்தேன். வேலை செய்தது. ஒரு மாதம்கூட முடியவில்லை, அதே கேபிள் பிளக் முனையிலும் விட்டுப்போனது. அந்தப் பிளக் ரப்பரில் வார்த்தது, திறக்க முடியாதது. கேபிளின் மேலுறையும் காய்ந்த முருங்கைக்காய் போல விறைத்து அங்கங்கே வெடித்திருந்தது. இனி ஒட்டுப்போட்டுப் பயனில்லை, முழுதாக மாற்றியாக வேண்டும்.

அப்போதுதான் ஒரு தவறு செய்தேன். கீபோர்டுகளை இணைக்கும் மிடி கேபிளிலும் இதே ஐந்து ஊசிப் பிளக் இருக்கிறது. என் ஆம்ப்ளிஃபயரில் செருகிப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. புதிதாக ஒன்று வாங்கி வந்து, ஒரு முனையை வெட்டி, உறையை உரித்தேன். உள்ளே சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, சுற்றிலும் பின்னல் கம்பி. அவ்வளவுதான். ஐந்து ஊசிக்கு மூன்று இணைப்பு. மிடி முறை 1983இல் வந்தபோதே தகவலுக்கு 4, 5 ஆகிய ஊசிகளும் கவசமான பின்னல் கம்பிக்கு 2ஆம் ஊசியும் போதும் என்று வகுத்துவிட்டார்கள். 1ஆம் 3ஆம் ஊசிகளுக்கு அதில் வேலை இல்லை, அதனால் பெரும்பாலான மிடி கேபிள்களில் அவற்றுக்குக் கம்பியே இழுப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து ஊசியும் பளபளவென்று நிற்கும். வெட்டுவதற்கு முன், மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

எங்கள் குழுவில் தபேலா வாசிக்கும் அண்ணன் கப்பல் பட்டறையில் மின்பணியாளராக முப்பது ஆண்டு வேலை பார்த்தவர். ஒத்திகை முடிந்ததும் வெட்டிய கேபிளை அவரிடம் காட்டினேன். அதைக் கையில் வாங்கக்கூட இல்லை.

“படம் எங்கே தம்பி?” என்றார்.

“என்ன படம் அண்ணே?”

“எந்த ஊசியிலிருந்து எந்த நிறக் கம்பி, பெட்டிக்குள்ளே எங்கே போகிறது என்கிற படம். அதை வரையாமல் கத்தரிக்கோலை எடுக்கலாமா? முதலில் பழைய கேபிளைப் படி. அப்புறம் புதியதை வாங்கு.”

அன்றிரவே சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். பழைய கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றுவதற்கு முன், எந்த நிறக் கம்பி உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று கைப்பேசியில் நான்கைந்து படம் எடுத்துக்கொண்டேன். பிறகு மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் ஊசியிலும் மறு முனையைக் கம்பியிலும் தொட்டுக்கொண்டே வந்தேன். இணைப்பு இருந்தால் ‘பீப்’ என்று கத்தும். பிளக் முனைதான் நைந்திருந்ததே, அதனால் கேபிளை ஒரு கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் சத்தம் வந்தது. பிடிப்பதற்கு என் மகளை அழைத்தேன். நான்கு கம்பிகள் பதில் சொல்லிவிட்டன. மஞ்சள் மட்டும் எப்படி வளைத்தாலும் பேசவில்லை. மீதமிருப்பது ஒரே ஊசி என்பதால் அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதிவிடலாம். ஆனால் ஊகத்தை நம்பி ஏற்கனவே ஒரு கேபிளை வீணாக்கியிருந்தேன். சவரக்கத்தியால் பிளக்கின் ரப்பரை, பலாக்கொட்டையின் தோலை உரிப்பதுபோல் சிறிது சிறிதாகச் சீவினேன். உள்ளே 1ஆம் ஊசியின் காலடியில் மஞ்சள் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

படம் முழுமையானது: 2 பொது, 4 ஒலித்தடம், 5 எதிரொலி, 1 ஒலி தூக்கல், 3 விளக்குகளுக்கு ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்சாரம். இது என் ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் பொருந்தும். உங்களுடையதில் இந்த வரிசை வேறாக இருக்கும் என்று எண்ணித்தான் தொடங்கவேண்டும்.

பொருள் வாங்க சிம் லிம் டவருக்குப் போனேன். கணினிக்காக எல்லோரும் போகும் சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். பிளக்குகள், ஒயர்கள், ரிலேக்கள் என்று சிறு பெட்டிகளில் நிறைந்திருக்கும் கடைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. போகிற வழியில், 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்ட சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை நினைவுக்கு வந்தது. அப்பா அங்கே வாங்கிய பிலிப்ஸ் வானொலியின் முதுகிலும் இதே வட்டப் பிளக்குக்கான துளை இருந்தது. அதில் ஒரு கேபிளைச் செருகித்தான் வானொலியில் வரும் தமிழ்ப் பாடல்களை டேப்பில் பதிவு செய்வார். ஜெர்மானியத் தர நிறுவனத்தின் பெயரால் டின் பிளக் என்று அழைக்கப்படுவது அதுதான். வானொலிக்கும் டேப்புக்கும் பிறந்த பிளக், மிடிக்கும் ஃபுட்ஸ்விட்சுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

கடைக்காரப் பெரியவர் ஐந்து ஊசி டின் என்றதும், “180 பாகையா, 240 பாகையா?” என்று கேட்டார். ஊசிகள் அரைவட்டமாக நின்றால் 180. வட்டத்தின் மூன்றில் இரண்டு பங்குக்குப் பரவி நின்றால் 240. ஒன்று மற்றொன்றில் நுழையாது. நல்ல வேளையாக, சீவிய பழைய பிளக்கைச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்தேன். எடுத்துக் காட்டினேன். உலோகக் கூடு உள்ள 180 பாகைப் பிளக் இரண்டு, பிடித்துக்கொள்ள ஒரு சாக்கெட், கவசமுள்ள ஐந்து கம்பிக் கேபிள் ஆறு மீட்டர், கழுத்தில் இறுக்கும் கிளாண்ட் ஒன்று. எல்லாம் சேர்த்து முப்பது வெள்ளிக்குள் முடிந்தது.

கேபிளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் இணையக் கேபிளில் எட்டுக் கம்பி இருக்கிறதே, அதைப் போடலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் சுவருக்குள் பதிக்கும் வகைக் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒரே தடிப்பான இழை. மேடையில் தினமும் சுருட்டி விரித்தால் சில வாரங்களில் முறிந்துவிடும். பல மெல்லிய இழைகளை முறுக்கிய கம்பிதான் வேண்டும். தடிமனைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இங்கே ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம். 24 கேஜ் கம்பி ஐந்து மீட்டருக்கு அரை ஓம் தடைகூடக் கொடுக்காது.

பற்றவைக்கும் வேலையை ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில், காற்றோட்டத்துக்காகச் சன்னலோரம் வைத்துக்கொண்டோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார், கையை மட்டும் வைக்கவில்லை. பிளக்கின் கூட்டையும் கிளாண்டையும் முதலில் கேபிளில் கோத்துக்கொள்ளச் சொன்னார். பற்றவைத்த பிறகு அவை நுழையாது. அடுத்து, பிளக்கைச் சாக்கெட்டில் செருகி நிறுத்தச் சொன்னார். ஊசிகள் பிளாஸ்டிக்கில் நிற்கின்றன. சூடு ஏறினால் பிளாஸ்டிக் இளகி ஊசி சாய்ந்துவிடும், பிறகு ஆம்ப்ளிஃபயரில் நுழையாது. சாக்கெட்டில் இருந்தால் அது ஊசிகளை நேராகப் பிடித்துக்கொள்ளும். ஊசியின் பின்புறக் குழியில் ஈயத்தை முதலில் நிரப்பி, கம்பி முனையிலும் ஈயம் பூசி, இரண்டையும் சேர்த்து இரண்டு நொடி சூடு. அதற்கு மேல் வைக்காமல் ஆறவிட வேண்டும்.

இங்கேதான் பெரிய ஆபத்து காத்திருந்தது. இந்தப் பிளக்கில் ஊசிகளின் எண்கள் வரிசையாக இல்லை. அரைவட்டத்தில் 1, 4, 2, 5, 3 என்று போகின்றன. அதோடு, முகத்தைப் பார்க்கும்போது ஒரு வரிசை, பற்றவைக்கும் முதுகைப் பார்க்கும்போது கண்ணாடியில் பார்ப்பதுபோல் எதிர் வரிசை. என் படம் முகத்தைப் பார்த்து வரைந்தது. நான் பற்றவைத்தது முதுகில். ஐந்தையும் முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அண்ணன் மல்டிமீட்டரை என் பக்கம் தள்ளினார்.

மஞ்சள் 3ஆம் ஊசியில் கத்தியது. பச்சை 1இல். நடுவிலிருக்கும் 2 மட்டும் சரி, மற்ற நான்கும் இடவலம் மாறியிருந்தன. ஒலித்தடமும் எதிரொலியும் மாறினால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் 1உம் 3உம் மாறினால், ஒலி தூக்கும் பொத்தானை அழுத்தும்போது, விளக்குக்காக ஆம்ப்ளிஃபயர் அனுப்பும் மின்சாரம் நேராகப் பொதுக் கம்பியில் போய் இடித்திருக்கும். அப்படியே செருகியிருந்தால் ஆம்ப்ளிஃபயருக்குள் எது கருகியிருக்குமோ! எனக்கு வியர்த்துவிட்டது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் தேநீர் போடப் போய்விட்டார். இரண்டாவது பிளக்கை எடுத்து, உட்புறம் பொடி எழுத்தில் பொறித்திருந்த எண்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துப் படித்துப் பற்றவைத்தேன். இந்த முறை ஐந்தும் படத்தோடு பொருந்தின. எந்த இரண்டு ஊசிகளுக்கு இடையிலும் தவறான தொடர்பு இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

பெட்டியில் ஒரு சாக்கெட்டைப் பொருத்திவிட்டால் கேபிளை இனி எளிதாகக் கழற்றி மாட்டலாமே என்று குழுவில் கேட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அவசரத்தில் யாராவது மிடி கேபிளைக் கொண்டுவந்து செருகிவிடுவார்கள், ஒலி தூக்கும் பொத்தானும் விளக்குகளும் செத்துக் கிடக்கும். அதனால் கேபிளைப் பெட்டியோடேயே வைத்துக்கொண்டேன். கழுத்தில் கிளாண்ட் இறுகப் பிடிக்கிறது. உள்ளே கேபிளை ஒரு முடிச்சாக வளைத்துக் கட்டியிருக்கிறேன், இழுத்தாலும் பற்றவைத்த இடத்துக்கு வலி போகாது.

இந்த வேலை முழுவதும் பெட்டிக்கும் கேபிளுக்கும் மட்டுமே நடந்தது. ஆம்ப்ளிஃபயரின் மூடியை நான் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள். வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், அது ஆளைக் கொல்லும். செருகும்போதும் பிடுங்கும்போதும் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிடுகிறேன்.

அடுத்த ஒத்திகையில் மூன்று பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்தினேன். மூன்று விளக்கும் எரிந்தன. அந்த இடையிசையை முழு ஒலியில் வாசித்தேன். தபேலாவிலிருந்து கையை எடுக்காமலே அண்ணன் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து பெட்டியின் அடித்தகட்டைப் பூட்டுவதற்கு முன், படத்தைப் புதிதாக ஒரு தாளில் வரைந்தேன். ‘முதுகிலிருந்து பார்த்தது’ என்று மேலே சிவப்பு மையில் எழுதி, மாதமும் ஆண்டும் குறித்து, தகட்டின் உட்புறம் ஒட்டி, நான்கு திருகுகளையும் முடுக்கினேன்.