சக ஆய்வு மாணவர்கள் முன் என் ஆய்வை வைத்தபோது

மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் குவார்ட்ஸ் மணல்துகள் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஒளிர்வுக் காலக்கணிப்பு என்பார்கள். எங்கள் துறைக்காரர்களிடம் இதைப் பற்றிப் பேசுவது எளிது. ஆனால் நான் பேச வேண்டியிருந்த கூட்டத்தில் புள்ளியியல், மொழியியல், பொருளாதாரம் என்று எல்லாத் துறை ஆய்வு மாணவர்களும் இருந்தார்கள்.

நெறியாளருக்குக் காட்டிய ஸ்லைடுகளை இதற்கு எடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். அவை முன்னேற்ற அறிக்கைகள். வெற்றுத் தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதினேன்: ஒரே அடுக்கில் எடுத்த துகள்கள் வெவ்வேறு வயது காட்டினால் எதை நம்புவது? இந்தக் கேள்விக்கு உதவாததெல்லாம் வெளியே போனது. மாதக்கணக்கில் செய்த அமிலக் கழுவல் ஒரு வாக்கியமாகச் சுருங்கியது. ஒளியால் தூண்டி அளக்கும் இந்த முறை 1985-இல் அறிமுகமான வரலாறும் போயிற்று. கை வராமல்தான் நீக்கினேன்.

அடிப்படையை விளக்கும் பகுதிக்குத்தான் அதிக உழைப்பு. சுற்றியுள்ள மண்ணின் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் வெளிவிடும் கதிர்வீச்சால் துகளின் படிகக் குறைகளில் எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்கின்றன, பானையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்வதுபோல. வெயில் பட்டால் பானை காலி. ஆய்வகத்தில் நீல ஒளியைப் பாய்ச்சினால் சிக்கியவை விடுபட, துகள் ஒளிரும். அதை வைத்து, வாங்கிய கதிர்வீச்சின் அளவைக் கணிக்கலாம். மொத்தம் 30 கிரே (வாங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு), ஆயிரம் ஆண்டுக்கு 3 கிரே வீதம் என்றால் வயது 10,000 ஆண்டு. இந்த வகுத்தலை ஸ்லைடில் போடாமல் பலகையில் எழுதிக் காட்டினேன். எழுதும் வேகத்தில்தான் கேட்பவர்களால் கூடவே வர முடியும்.

ஒத்திகைக்கு மொழியியல் படிக்கும் தோழியை உட்காரவைத்தேன். பாதியிலேயே நிறுத்திக் கேட்டாள்: “அப்போ மண்ணைத் தோண்டும்போதே வெயில் பட்டுடாதா?” ஒளிபுகாத குழாயை அடித்து இறக்கி, இரு முனையையும் மூடி எடுத்துவந்து, மங்கிய சிவப்பு விளக்கில் பிரிக்கிறோம் என்றேன். நெறியாளர் கேட்கவே மாட்டாத கேள்வி அது! அந்தச் சிவப்பு அறையின் படம் இரண்டாவது ஸ்லைடாயிற்று.

வரைபடத்தில் சிவப்பு, பச்சைக்குப் பதில் நீலமும் ஆரஞ்சும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். பிழைக்கோடு, அதாவது அளவு எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் கோடு, எதைக் குறிக்கிறது என்பதையும் படத்திலேயே எழுதினேன்.

தீராத சிக்கலைப் பேச்சின் நடுவில் வைத்தேன். புதைவதற்கு முன் சில துகள்களுக்குப் போதிய வெயில் கிடைத்திருக்காது. அவை உண்மையைவிட மூத்த வயதைக் காட்டும். அதனால் மிக இளைய துகள்களின் கூட்டத்தை வைத்து வயதைக் கணிக்கும் ‘குறைந்தபட்ச வயது மாதிரி’ என்ற புள்ளியியல் கணக்கைப் பயன்படுத்துகிறேன். அங்கேதான் புள்ளியியல் மாணவர் ஒருவர் பிடித்தார்: “அளவீட்டுப் பிழையால் தற்செயலாகக் குறைந்து நிற்கும் துகளையே நீங்கள் எடுத்துவிட மாட்டீர்களா?” மாதிரி ஒவ்வொரு துகளின் பிழையையும் கணக்கில் எடுக்கிறது என்றேன். அவர் விடவில்லை. “அளவீட்டுப் பிழையையும் தாண்டித் துகள்களுக்குள் இருக்கும் வேறுபாட்டுக்குக் கூடுதல் சிதறல் என்று நீங்களே ஒரு மதிப்பு கொடுக்கிறீர்களே, அதை மாற்றினால் வயது எவ்வளவு நகரும்?”

அடுத்த வாரமே இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அந்த மதிப்பை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தோம். ஆய்வேட்டின் நான்காம் இயலில் இப்போது அது தனிப் பகுதி.